கும்மிடிப்பூண்டியில் ஏறுகிறவள்

புதுவாயலில் காருக்குத் தண்ணீர் அடித்துத் துடைத்துவிடும் கடை ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை வண்டியை அங்கே விட்டுவிட்டு, பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்களை வேடிக்கை பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. போன ஞாயிற்றுக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தபோது கடைக்காரர் ஈரக் கையோடு வந்தார். "மேடம், முன்சீட்டு பட்டையில மாட்டிக்கினு இருந்துச்சு. அதான் சீட்டு நவுரவே இல்ல. உங்களுதா பாருங்க" என்று எதையோ நீட்டினார். டெய்லர்கள் நூல் வெட்டுவதற்கு வைத்திருக்கும் சின்ன கட்டர் அது. இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும். துருப் பிடித்திருந்தது. என்னுடையது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

அதை மூக்கருகில் கொண்டுபோய் மோந்துகூடப் பார்த்தேன். வயசுக்கு வந்த பிள்ளை இருக்கிற பொம்பளை செய்கிற காரியமா இது? துருவும் ஷாம்பு நுரையும்தான் வீசின. ஆனால் எனக்கென்னவோ பச்சை முளைக்கீரை வாசனை வந்துவிட்டது. வேரில் ஒட்டிய ஈர மண்ணோடு சேர்ந்து வருமே, அந்த வாசனை. நீங்கள் கும்மிடிப்பூண்டி லைனில் சாயங்கால லேடீஸ் பெட்டியில் வந்திருந்தால் உடனே புரிந்துகொள்வீர்கள்.

அந்தப் பெட்டி பாதி ரயில், பாதி சமையல்கட்டு. வண்ணாரப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் ஸ்டேஷன் வாசலில் கீரைக்கட்டு வாங்கிக்கொண்டுதான் எங்கள் ஆட்கள் ஏறுவார்கள். திருவொற்றியூர் தாண்டிக் கூட்டம் கொஞ்சம் இளகியதும் மடியில் பேப்பரை விரிப்போம். ஆளுக்கொரு கட்டு. யார் கீரை யார் மடியில் என்று யாரும் பார்ப்பதில்லை. ஆய்ந்து முடித்து அவரவர் கவரில் போட்டுக்கொண்டால், வீட்டுக்குப் போய் அலசி அடுப்பில் வைக்கவேண்டியதுதான் பாக்கி. ஒருநாள் எங்கள் வீட்டுக் கீரைக்கூட்டில் ஹேர்பின் கிடந்தது. எங்கள் வீட்டுக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து, "இது இன்னாது?" என்றார். நான் வாங்கிப் பார்த்துவிட்டு, "மஞ்சுளாவுது" என்றேன். மனுஷர் அன்றைக்குத் தயிர் சாதத்தோடு எழுந்துவிட்டார்.

மஞ்சுளா மீஞ்சூரில் ஏறுகிறவள். வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷன். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். கீரை ஆயும்போது வேரைக் கையால் கிள்ளாமல் சின்ன கட்டரால் க்ளிக் க்ளிக்கென்று வெட்டிப்போடுகிறவள் கஸ்தூரியக்கா. கஸ்தூரியக்காவுக்குப் பழவேற்காடு பக்கம் ஒரு மீனவர் குப்பம். அவள் வீட்டுக்காரர் ஏரியில் வலை போடுகிறவர். ஏரியில் மீன் குறைந்துபோய், வீடு முழுக்க அக்காவின் தையல் வேலையை நம்பித்தான் ஓடியது. குப்பத்திலிருந்து பஸ்ஸில் பொன்னேரி, பொன்னேரியிலிருந்து ரயிலில் தண்டையார்பேட்டை. அங்கே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிற மெஷின் அவளுடையது. மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். சாத்தியபிறகு போனால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது, வந்த வழியே திரும்பவேண்டியதுதான். சூப்பர்வைசர் வேறு, வயசான கைகளை எப்போது கழித்துக்கட்டலாம் என்று சாக்குத் தேடிக்கொண்டிருந்தான். "என் மெஷின் மேலயே அவனுக்கு கண்ணு. ரிட்டயர்டு ஆவற வரிக்கும் குந்திக்கினு இருப்பேன், பாரு" என்பாள் அக்கா.

நான் எங்கே வருகிறேன் என்கிறீர்களா? நான்தானே எல்லாருக்கும் முதலில் ஏறுகிறவள். எங்கள் கூட்டத்தில் கும்மிடிப்பூண்டியில், காலி வண்டியில் ஏறுகிறவள் நான் ஒருத்திதான். மற்ற எல்லாரும் பொன்னேரி, மீஞ்சூர் என்று வழியில் தொற்றிக்கொள்கிறவர்கள். அதனால் இடம் போடுகிற உத்தியோகம் என்னுடையது. பீச் ஸ்டேஷனில் இறங்கிப் பாரிமுனை கப்பல் கிளியரிங் ஆபீஸில் நான் பார்த்த வேலையைவிட இதைத்தான் பொறுப்பாகப் பார்த்தேன். ஒரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, துப்பட்டா ஒரு சீட்டில், குடை ஒரு சீட்டில், சாப்பாட்டுப் பை ஒரு சீட்டில் என்று எதிரும் புதிருமாகக் கடை பரப்பிவிடுவேன்.

கவரைப்பேட்டையில் வரும் பாருங்கள் சண்டை. ஏறுகிறவர்கள் சும்மா விடுவார்களா? "இன்னாம்மா, ட்ரெய்ன உங்கப்பன் வாங்கி உட்டானா?" என்பார்கள். நானும் சளைக்கமாட்டேன். "ஆளு வருது, ஆளு வருது" என்பேன். ஒருநாள் ஒரு அம்மா விடாப்பிடியாக, "எங்க வருது? காட்டு" என்று இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். அவசரத்தில் எனக்கு வாயில் வந்தது, "பாத்ரூம் போயிருக்காங்க." பெட்டியே சிரித்தது. மின்சார ரயிலில் ஏது பாத்ரூம்? அந்த அம்மாவும் சிரித்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கால் வலித்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. நம் ஆட்களுக்கு இடம் கிடைத்தால் போதும் என்கிற புத்தி.

கஸ்தூரியக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்த பிறகு அந்தச் சீட்டு வெறும் சீட்டாக இல்லை. ரொம்ப நேரம் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை உட்கார்ந்து செய்கிற வேலை, பஸ் குப்பத்திலேயே காலியாகக் கிளம்புகிற பஸ். நடுவில் இந்த ரயில் ஒன்றுதான் ஆபத்து. அதில் என் துப்பட்டா கிடந்தது. அவள் ஏறி, துப்பட்டாவை மடித்து என் கையில் கொடுத்து, "மவராசி" என்று சொல்லிவிட்டு உட்கார்வாள். தினமும் சொல்வாள். தினமும் எனக்குப் பெருமையாக இருக்கும்.

இப்படிப்பட்ட நான் கார் வாங்கினேன்.

ஏன் வாங்கினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே காரணம் சொன்னேன். ஒரு சாயங்காலம் அத்திப்பட்டுக்கு முன்னால் வண்டி நின்றது நின்றபடி நின்றுவிட்டது. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். போன் பேட்டரி தீர்ந்துவிட்டது. அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன் என்று சொன்னேன். நடந்தது நடந்ததுதான், பொய் இல்லை. ஆனால் உங்களிடம் சொல்வதற்கென்ன, முழு உண்மை அது இல்லை. எங்கள் வீட்டுக்காரருக்குத் தேர்வாய் கண்டிகையில் வேலை கிடைத்து, கம்பெனி பஸ்ஸே வீட்டு வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனது. எனக்கு மட்டும் தினமும் அடி, இடி, கக்கத்து வேர்வை. காலையில் ஒரு மணி நேரம், யார் மூஞ்சியும் பார்க்காமல், யார் கதையும் கேட்காமல், ஏசி போட்டுக்கொண்டு தனியாகப் போகவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. சொல்லக் கூச்சமான ஆசை. அந்தக் கூட்டத்தில் நான் மட்டும்தான் அப்படி ஆசைப்பட்டேனோ என்று அப்போதே உறுத்தியது.

ரயிலில் விஷயத்தைச் சொன்னபோது மஞ்சுளா எடுத்தவுடனே, "ரயில்ல தூங்கிக்கினு போலாம். கார்ல தூங்குனா சங்குதான்" என்றாள். ஆனால் கஸ்தூரியக்கா மறுநாளே எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, "நாலு சக்கரத்துக்கும் வெச்சி ஏத்து. கண்ணு படப்போவுது" என்று என் பையில் போட்டாள். நான் போய்விட்டால் இவளுக்கு யார் இடம் போடுவார்கள்? முந்தின நாள் ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

"யக்கா, நீயும் என்கூட வந்துடு. பொன்னேரிலேர்ந்து ஷேர் ஆட்டோ புடிச்சி தச்சூர் கூட்டுரோட்டுக்கு வந்துடு. அங்க ஏத்திக்கறேன். ஜம்முனு சாஞ்சிக்கினு வரலாம்" என்றேன்.

"நீ தனியாவா ஓட்டிக்கினு போவ?" என்று கேட்டாள் அக்கா.

"பின்ன? டிரைவர் வெச்சிக்கற அளவுக்கு நம்மகிட்ட ஏது டப்பு?" என்றேன்.

அக்கா மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டாள். அப்புறம், "செரி. வரேன்" என்றாள்.

மஞ்சுளாதான் குதித்தாள். "யக்கா, உனுக்கு இன்னா பைத்தியமா? பஸ்ஸு, ஆட்டோ, காரு, அப்பால மூலக்கடைல எறங்கி இன்னொரு பஸ்ஸு. பேஜாரு புடிச்ச வேல இது."

"சும்மா இர்றீ. புள்ள ஆசையா கூப்புடுது" என்றாள் அக்கா.

அவ்வளவு பேசியும் அதில் மஞ்சுளாவின் பொறாமையைத்தான் நான் பார்த்தேன். அவளைக் கூப்பிடவில்லை என்கிற கோபம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். நல்ல காரியம் செய்கிறபோது மனுஷனுக்கு எவ்வளவு கண் அவிந்துபோகிறது பாருங்கள்.

இப்படித்தான் தொடங்கியது. சாயங்காலம் அவளுக்குப் பழையபடி ரயில்தான், வண்ணாரப்பேட்டையில் முன்னாலேயே ஏறுகிற மஞ்சுளா இடம் போட்டு வைப்பாள். காலையில் தச்சூர் கூட்டுரோட்டில், பழக்கடைக்குப் பக்கத்தில், சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி அக்கா நிற்பாள். முன்சீட்டில் ஏறி உட்காருவாள். சாய மாட்டாள். எத்தனை முறை சொல்லியும் முதுகு சீட்டில் படாது. ஏசி அவளுக்கு ஆகாது, முந்தானையை இழுத்துக் காதுவரை போர்த்திக்கொள்வாள். நான் ஏசியை ஒரு புள்ளி குறைத்துவிட்டு, பெரிய தியாகம் செய்துவிட்ட மாதிரி நினைத்துக்கொள்வேன்.

நான் ஓட்டிய லட்சணத்தையும் சொல்லவேண்டும். லைசென்ஸ் வாங்கிவிட்டேனே தவிர, கல்கத்தா ரோட்டில் கன்டெய்னர் லாரி பக்கத்தில் வந்தால் பிரேக்கை மிதித்துவிடுவேன். காரனோடைப் பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டால் வண்டி பின்னால் உருளும். ஒருநாள் டோல்கேட்டில் வண்டி ஆஃப் ஆகி, பின்னாலிருந்த அத்தனை பேரும் ஹாரன் அடிக்க, நான் கியருக்குப் பதிலாக வைப்பரைப் போட்டுவிட்டேன். வெயிலில் வைப்பர் பாட்டுக்கு ஆடுகிறது. அக்கா சிரிக்கவில்லை. "ஒண்ணும் இல்ல. சாவிய திருப்பு. பதறாத. அவன் கத்தினா கத்தட்டும்" என்றாள். அவள் சொன்னதும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

வழி முழுக்க அவள் வாய் ஓயாது. "தோ, பைக்கு வரான் இந்தாண்ட." "லாரிக்கு வழி உடு, அவன் போவட்டும்." "நமக்கின்னா அவசரம்? மெதுவா போ." அவள் கால் வேறு கீழே கால்மிதியில் பிரேக் மிதிப்பதுபோல் அழுத்திக்கொண்டே இருக்கும். டிரைவிங் கற்றுக்கொடுக்கிறவர்கள் வண்டியில் பக்கத்து ஆளுக்கும் ஒரு பிரேக் இருக்குமே, அது தன் காலடியிலும் இருப்பதாக நினைத்துக்கொண்டாளோ என்னவோ. பயந்த சுபாவம், காரில் போய்ப் பழக்கமில்லை, பாவம் என்று நினைத்தேன். போகப்போக எனக்கு எரிச்சல்கூட வந்தது. ஆசைப்பட்டு வாங்கிய வண்டி, தனியாகப் போக முடிகிறதா, ரேடியோ போட முடிகிறதா என்று மனசுக்குள் முணுமுணுத்திருக்கிறேன். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொள்ளாததே பெரிய பெருந்தன்மை என்று இருந்தேன்.

செங்குன்றத்தில் நெல் லாரி, மாதவரத்தில் கன்டெய்னர். ரயிலுக்கு சிக்னல் என்றால் ரோட்டுக்கு இவை. பல நாள் வண்டி ஊர்ந்துதான் போகும். எனக்கு ஆபீஸில் பத்து நிமிஷம் முன்னே பின்னே போனால் யாரும் கேட்கமாட்டார்கள். அக்கா மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி வாட்சைப் பார்ப்பாள். வாட்ச் முகத்தை உள்பக்கமாகக் கட்டுகிறவள் அவள். மூலக்கடையில் இறக்கிவிட்டதும், ஓடக்கூடாத உடம்போடு பஸ்ஸைப் பார்த்து ஓடுவாள்.

ஒருநாள் கேட்டேன். "யக்கா, லேட்டாவுதா? கேட்டு சாத்திட மாட்டான்?"

"வாட்ச்மேன் நம்ம குப்பத்து ஆளுதான். உட்டுடுவான். நீ ரோட்ட பாரு" என்றாள்.

நான் ரோட்டைப் பார்த்தேன். அத்தனை வருஷம் ரயிலில் அந்தக் கேட்டைப் பற்றி அவள் சொன்ன கதைகளில் குப்பத்து வாட்ச்மேன் எங்கேயும் வந்ததில்லை. அது எனக்குத் தெரியாதா? தெரியும். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது, நம்பிவிட்டேன்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மூலக்கடையில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "திங்கக்கெழமைலேர்ந்து நான் வரலம்மா. ஷிப்ட்டு மாத்திட்டான். நீ பாத்து போ. பாலத்தாண்ட மட்டும் ரெண்டாவது கியர்லயே போ."

நான் என்ன செய்திருக்கவேண்டும்? என்ன ஷிப்ட், எத்தனை மணிக்கு, எப்படிப் போவாய், யார் உனக்கு இடம் போடுவார்கள் என்று கேட்டிருக்கவேண்டும். "அய்யோ, அப்படியாக்கா?" என்றேன். அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை தச்சூர் கூட்டுரோட்டில் நிற்காமல் போனேன். ஏசியைக் கூட்டினேன். பாட்டைப் போட்டுக்கொண்டு கூடவே சத்தமாகப் பாடிக்கொண்டு போனேன். அப்படி ஒரு சந்தோஷம். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அந்தத் தீபாவளிக்கு மஞ்சுளா வேலை செய்யும் கடைக்கே புடவை எடுக்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. பக்கத்தில் ஃப்ளோர் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். "வாங்க மேடம், உக்காருங்க மேடம்" என்று புடவையை விரித்துப் போட்டாள். கடைக்காரியின் மரியாதை. நான் குரலைத் தாழ்த்தி, "கஸ்தூரியக்கா எப்பிடி இருக்கு? ஷிப்ட்டு மாறினப்பறம் பாக்கவே இல்ல" என்றேன்.

"ஷிப்ட்டா? இன்னா ஷிப்ட்டு?" என்றவள், மேனேஜர் இந்தப் பக்கம் திரும்பியதும் சத்தமாக, "இந்த பார்டர் பாருங்க மேடம், புதுசா வந்துருக்கு" என்றாள். அவர் நகர்ந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "அக்காவ வேலய உட்டே நிறுத்திட்டாங்க. தெரியாதா உனுக்கு? லேட்டு லேட்டுன்னு எத்தினி நாளு கேட்டாண்டயே திருப்பி அனுப்புனான். கடைசில வரவே வேணாம்ட்டான்."

"வாட்ச்மேன் அவங்க குப்பத்து ஆளுன்னு சொல்லிச்சே?"

"அங்க வாட்ச்மேனு ஒரிசாக்காரன். அவனுக்கு தமிழே தெரியாது." இன்னொரு புடவையை உதறி விரித்தாள். "வர்லன்னு உன்னாண்ட சொல்ல அதுக்கு வாய் வரல. கேக்க உனுக்கு வாய் வரல."

"திரும்ப ரயிலுக்கே வந்திருக்கலாமே மஞ்சு?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வந்துச்சி. வேற கம்பெனில வேல கேக்கலாம்னு வந்துச்சி. யாரு இடம் போட்டு வெப்பா? கும்மிடிப்பூண்டில ஏர்றவ நீ ஒருத்திதான? நீ போன அன்னிக்கே ஜன்னலு போச்சி. ஆளுக்கொரு மூலைல தொங்கிக்கினு போறோம். நான் மீஞ்சூர்ல ஏர்றப்போ அது எறங்குது. வயித்த புடிச்சிக்கினு எறங்குது. அப்பால வரவே இல்ல." மேனேஜர் திரும்பி வந்தார். "இந்தக் கலர் உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்கும் மேடம்."

அவள் காட்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டேன். எதுவும் எனக்குப் பிடித்த கலர் இல்லை. இன்றுவரை ஒன்றையும் கட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழம், பிஸ்கட் எல்லாம் வாங்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். கார்தான், வேறு எதில் போவேன்? வாசலில் வண்டியை நிறுத்தியதும் அக்கா ஓடி வந்தாள். வந்தவள் முதலில் பார்த்தது என்னை இல்லை, பக்கத்துச் சீட்டை. "நீ மட்டுமா ஓட்டிக்கினு வந்த? வூட்டுக்காரு வரல?" என்றாள். காலி சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் என் கையைப் பிடித்தாள். அவள் விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. விடிகாலையில் இறால் ஷெட்டுக்குப் போய், ஐஸ் தண்ணீரில் கை வைத்து உரிக்கிறாளாம். சட்டைக் காலரைக் கத்தி மாதிரி மடித்துத் தைக்கிற விரல்கள் அவை.

நண்டு வறுத்துப் போட்டாள். வீட்டுக்காரர் ஏரிக்குப் போயிருந்தார். சோறு எனக்கு உள்ளே இறங்கவில்லை. "யக்கா, என்னாலதான உனுக்கு வேல போச்சி? என்னை மன்னிச்சிடு" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

"எவ சொன்னா? மஞ்சுவா? அவளுக்கு வாயி நீளம்" என்றாள். "எனுக்கு கண்ணு தெரியலம்மா. ஊசில நூலு கோக்க முடியல. நானேதான் நின்னுக்கினேன். நீ துன்னு."

கொஞ்ச நேரம் கழித்து, எதிரில் உட்கார்ந்திருந்தவள், என் சுடிதார் கை ஓரத்தில் பிரிந்து நின்ற ஒரு இழையைப் பார்த்தாள். அங்கிருந்தே பார்த்தாள். கிட்டே வந்து பல்லால் கடித்து எடுத்துவிட்டு, "சொல்ல மாட்டியா, பிரிஞ்சிக்கினு வருது" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தப்பே நடக்கவில்லை என்று சாதிக்கிறவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? என்மேல் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்துவிட்டு வந்திருப்பேன்.

கிளம்பும்போது, "இரு, நானும் பொன்னேரி வரிக்கும் வரேன். காய் வாங்கணும்" என்று ஏறி உட்கார்ந்தாள். அது ஒடுக்கமான ரோடு. எதிரில் பஸ் வருகிறது, மீன் வேன் வருகிறது, வைக்கோல் டிராக்டர் வருகிறது. நான் எல்லாவற்றையும் ஒதுங்கி, தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அக்கா அன்றைக்குப் பேசவே இல்லை. காலும் கால்மிதியை அழுத்தவில்லை. முதுகு சீட்டில் சாய்ந்திருந்தது. அதை நான் அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

"பரவால்லியே, நல்லா ஓட்டற இப்ப" என்றாள் சிரித்துக்கொண்டே. "அப்பல்லாம் ஸ்டீரிங்க கொரங்குக்குட்டி மாரி புட்ச்சிக்கினு இருப்ப. லாரிக்காரன் ஹாரன் அடிச்சா உனுக்கு ஒடம்பே தூக்கிப்போடும். அதான் ஒத்தையில உட மனசு வரல எனுக்கு. பக்கத்துல ஒரு ஆளு இருந்தா பதறாம போவியேன்னுதான் வந்தேன். இனிமே பயமில்ல. நீ எங்க வேணா போலாம்."

பாராட்டுகிற மாதிரிதான் சொன்னாள். அவளுக்கு இடம் கொடுத்துக் கூட்டிப்போகிறேன் என்று நான் நினைத்திருந்த நாளெல்லாம், அவள் எனக்குத் துணை வந்திருக்கிறாள். கேட் சாத்துகிற நேரத்தில், லாரிகளுக்கு நடுவே, "நமக்கின்னா அவசரம்? மெதுவா போ" என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவள் காலைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. செய்யவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது, வண்டியை நேராக விட்டேன்.

பொன்னேரியில் இறங்கிக்கொண்டாள். காய்க்கடை இருந்த பக்கம் போகவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், பழவேற்காடு பஸ் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டாள்.

இன்றைக்கு அந்த ஜன்னல் இல்லை. மஞ்சுளா மீஞ்சூரை விட்டுக் கடைக்குப் பக்கத்திலேயே குடிவந்துவிட்டாள். போன மாதம் கார் சர்வீஸில் இருந்தபோது ஒருநாள் ரயிலில் போனேன். கும்மிடிப்பூண்டியில் காலி வண்டியில் ஏறியவர்கள் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து, போனை எடுத்துக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டார்கள். ஒரு துப்பட்டா விழவில்லை, ஒரு குடை விழவில்லை. பொன்னேரியில் ஏறியவர்கள் யாரையும் தேடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வயசான அம்மாவுக்கு நான் எழுந்து இடம் கொடுத்தேன். "தேங்க்ஸ்" என்றாள். கஸ்தூரியக்கா வேலை செய்த கம்பெனிகூட இப்போது தண்டையார்பேட்டையில் இல்லை, எங்கோ வெளியூருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். அவளுக்குப் போன் போட்டால் எடுத்த எடுப்பிலேயே, "வண்டி ஓட்டிக்கினு பேசறியா? வெய்யி மொதல்ல" என்று வைத்துவிடுகிறாள்.

ஆபீஸில் என்னோடு வேலை செய்கிற பெண்கள் சிலரும் கார் வாங்கியிருக்கிறார்கள். மழை நாளில், லாரி நெரிசலில், நான் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து அவர்களுக்கு ஆச்சரியம். யார் உங்களுக்கு இப்படிப் பழக்கிவிட்டது என்று கேட்கிறார்கள். தானாக வந்துவிட்டது என்கிறேன்.